பழைய பாணி வால்ட்ஸை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஓராண்டாகப் பால்ரூம் (மேற்கத்திய ஜோடி நடன) வகுப்பில், மூன்று எண்ணிக்கை இசைக்குச் சுழன்று ஆடும் வால்ட்ஸின் மெதுவான வகையான ஸ்லோ வால்ட்ஸ் ஆடிவருகிறீர்கள், 19ஆம் நூற்றாண்டில் ஆடியதுபோல ஆடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை, அந்தக் கால நூல்களை இணையத்தில் திறந்து பார்த்தீர்கள், பிடிபடவில்லை, கூட ஆட நிலையான ஜோடியும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தப் பழைய வால்ட்ஸ் என்பது ஒன்று. ஏற்கெனவே கற்றது இதற்கு உதவுமா, குறுக்கே நிற்குமா என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் எங்கே தொடங்குவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

முதலில், எந்த வால்ட்ஸ்? 1816இல் லண்டன் நடன ஆசிரியர் தாமஸ் வில்சன் எழுதிய வால்ட்ஸும், 1847இல் பாரிஸில் ஆன்ரி செலாரியுஸ் எழுதிய வால்ட்ஸும், 1885இல் நியூயார்க்கில் ஆலன் டாட்வொர்த் எழுதிய வால்ட்ஸும் காலடியிலேயே வேறுபட்டவை. முதலாவதில் ஜோடி கைகளைத் தலைக்கு மேல் வளைத்துப் பிடித்தபடி ஏறக்குறைய நின்ற இடத்தைச் சுற்றிச் சுழலும். இரண்டாவதில் இறுக்கமான சிறு அடிகளில், முன்பாதத்தில் நின்றபடி, கூடத்தைச் சுற்றி வேகமாக ஓடும். மூன்றாவதில் காலடி எளிமையாகி, இன்றைய வால்ட்ஸின் அடிச்சுவடு தெரியத் தொடங்குகிறது. 1900ஐ ஒட்டி பாஸ்டன் என்ற நீளமான, நிதானமான வகை வந்து அதையும் மாற்றிப் போட்டது. ஆகவே 'விக்டோரியா கால வால்ட்ஸ்' என்று ஒரே பெயரில் யாராவது கற்றுக்கொடுத்தால், எந்தப் பத்தாண்டு, எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கற்ற ஸ்லோ வால்ட்ஸ் முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் உருவானது. 1920களில் அங்குள்ள ஆசிரியர் சங்கங்கள் அதை வரையறுத்து எழுதிவைத்தன. பாதங்களை இணையாக வைப்பது, முன்னே போகும்போது குதிகாலை முதலில் ஊன்றுவது, எழுந்து தாழ்வது, உடலைப் பக்கவாட்டில் சாய்ப்பது, இடுப்பு உரசும் நெருக்கமான பிடி எல்லாமே அந்தக் காலத்தவை. 19ஆம் நூற்றாண்டு ஆட்டக்காரர் பாலேயில் பாதங்களை வைக்கும் ஐந்து அடிப்படை நிலைகளில் பழகியவர். அவருடைய பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், விரல் நுனிதான் முதலில் தரையைத் தொடும், முழங்கால் மென்மையாக இருக்கும், உடல் ஏறி இறங்காமல் ஒரே உயரத்தில் போகும். உங்களிடம் இருப்பதில் உதவப் போவது மூன்று எண்ணிக்கைக்குள் எடையை மாற்றும் பழக்கமும், கூட ஆடுபவரின் அசைவைக் கையால் உணரும் பழக்கமும். நீளமான அடி, எழுதல் தாழ்தல், சாய்வு மூன்றையும் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். வேகமும் வேறு: இன்றைய போட்டிகளில் ஸ்லோ வால்ட்ஸ் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (ஒரு பார் என்பது மூன்று எண்ணிக்கை), வியன்னா வால்ட்ஸ் 58 முதல் 60. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வால்ட்ஸ் இரண்டாவதன் பக்கம்தான் நிற்கிறது. அந்த வேகத்தில் நீளமான அடிக்கு நேரமே இருக்காது.

தொடங்க வேண்டிய இடம், என் கணிப்பில், 1840களின் மூன்று தட்டு வால்ட்ஸ். பிரெஞ்சில் 'வால்ஸ் ஆ த்ருவா தாம்'. செலாரியுஸ் இதன் காலடியை எண்ணிக்கை எண்ணிக்கையாக எழுதியிருப்பது ஒரு காரணம். இதிலிருந்து முன்னும் பின்னும் உள்ள எல்லா வகைகளுக்கும் எளிதில் நகரலாம் என்பது இன்னொரு காரணம். முழுச் சுற்று ஒன்றுக்கு ஆறு எண்ணிக்கை, அதாவது இரண்டு பார். 'தகிட தகிட' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவதைவிட அது காலில் சீக்கிரம் ஏறும். ஜோடிகள் கூடத்தை இடஞ்சுழியாகச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு ஜோடியும் தனக்குள் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. இந்த இரண்டு திசைகளும் மனதில் தெளிவாக இல்லாமல் கீழே உள்ளதைப் படிக்க வேண்டாம்.

ஆண் பக்கம் கூடத்தின் சுவரைப் பார்த்து நிற்கிறது. போக வேண்டிய திசை அவருடைய இடக்கைப் பக்கம். பெண் அவருக்கு எதிரே, கூடத்தின் மையத்தைப் பார்த்து நிற்கிறார். ஒன்று: ஆண் இடக்காலைப் பெண்ணுக்கு முன்னால் குறுக்கே வைக்கிறார். வைக்கும்போதே உடல் திரும்பி, முதுகு போகும் திசைக்கு வந்துவிட வேண்டும். இரண்டு: வலக்கால் இடக்காலுக்குப் பின்னால் சற்றே குறுக்காக வந்து, குதிகால் உயர்ந்து, விரல் நுனி மட்டும் தரையில் படுகிறது. மூன்று: இரு கால்களின் முன்பாதத்திலும் நின்று அப்படியே திரும்புகிறார். திரும்பி முடியும்போது பின்னால் இருந்த வலக்கால் முன்னால் வந்திருக்கும், எடை இடக்காலில் இருக்கும், முகம் கூடத்தின் மையத்தை நோக்கும். அரைச் சுற்று முடிந்தது. நான்கு: போகும் திசைக்குத் திரும்பி வலக்காலை நேராக முன்னே, பெண்ணின் இரு கால்களுக்கு நடுவே வைக்கிறார். ஐந்து: இடக்கால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வருகிறது, உடல் தொடர்ந்து திரும்புகிறது. ஆறு: வலக்கால் வந்து இடக்காலின் முன்னால் மூன்றாம் நிலையில், அதாவது குதிகால் இடப்பாதத்தின் நடுவை ஒட்டியபடி, சேர்கிறது. இப்போது மறுபடி சுவரைப் பார்த்து நிற்கிறார்.

பெண்ணுக்கும் இதே ஆறு அடிகள்தான். ஆனால் அவர் நான்காவதிலிருந்து தொடங்குகிறார். ஆண் குறுக்கே வெட்டி வழிவிடும்போது பெண் வலக்காலால் நேரே முன்னே போகிறார். ஆண் நேரே போகும்போது பெண் இடக்காலால் குறுக்கே வெட்டுகிறார். ஒவ்வொரு பாரிலும் ஒருவர் குறுக்கே போகிறார், மற்றவர் நேரே போகிறார். அடுத்த பாரில் வேலை கைமாறுகிறது. இதுதான் இந்த நடனத்தின் முழு இயந்திரம். ஆண் அடி, பெண் அடி என்று இரண்டைக் கற்க வேண்டியதில்லை என்பதால் தனியாகப் பழகுபவருக்கு இது பெரிய வசதி. ஒரே ஆறு அடியை ஒருநாள் ஒன்றிலிருந்தும் மறுநாள் நான்கிலிருந்தும் தொடங்கிப் பழகினால் இரு பக்கமும் வந்துவிடும். இரு பக்கமும் தெரிந்தவருக்குத்தான் எதிரே இருப்பவர் ஏன் தடுமாறுகிறார் என்பது புரியும்.

எங்கே கெட்டுப்போகிறது என்று பார்ப்போம். மிகப் பரவலான தவறு நான்காவது எண்ணிக்கையில் நடக்கும். நேரே போக வேண்டியவர் எதிரே இருப்பவரின் காலை மிதித்துவிடுவோமோ என்று பயந்து, காலை அவருக்கு வெளிப்புறமாகச் சுற்றி வைப்பார். அப்படி வைத்தால் இருவரும் ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஜோடி நகரவே நகராது. கால் நடுவில் போக வேண்டும், நேராகப் போக வேண்டும். இரண்டாவது தவறு அதே கணத்தில் மறுபக்கம் நடப்பது: குறுக்கே வெட்ட வேண்டியவர் வெட்டாமல் பக்கத்தில் மட்டும் கால் வைப்பார். அவர் வழிவிடாததால் நேரே வருபவரின் முழங்கால் அவர் முழங்காலில் இடிக்கும். ஆறு எண்ணிக்கைகளில் பெரிய அடி என்று இருக்க வேண்டியவை ஒன்றும் நான்கும் மட்டுமே. மற்றவை பாத நீளத்துக்கு மேல் போகக் கூடாது. ஸ்லோ வால்ட்ஸ் பழகியவர்கள் இரண்டையும் ஐந்தையும் நீட்டிவிடுவார்கள். பிறகு மூன்றிலும் ஆறிலும் கால் வந்து சேர நேரம் கிடைக்காது.

மூன்றாவது தவறு எடை. மூன்றிலும் ஆறிலும் காலை ஒட்டிவைத்துவிட்டு எடையை மாற்றாமல் விட்டால், அடுத்த பாருக்குத் தவறான கால்தான் சும்மா இருக்கும். அவசரத்தில் ஒரு துள்ளல் வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஆட்டத்தில் காரணம் தெரியாத துள்ளல் இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நான்காவது, அரைச் சுற்று முழுதாக ஆகாதது. ஒவ்வொரு பாரிலும் கொஞ்சம் குறைவாகத் திரும்பினால் அந்தக் குறை சேர்ந்துகொண்டே போய், நாலைந்து சுற்றுக்குள் ஜோடி சுவரை நோக்கியோ மையத்தை நோக்கியோ ஒதுங்கிவிடும். ஆண் பக்கம் மூன்றில் மையமும் ஆறில் சுவரும் கண்ணெதிரே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் குறை எந்த அரையில் என்று பிரித்துவிடலாம். பெரும்பாலும் அது குறுக்கே வெட்டும் அரையில்தான் இருக்கும். முதல் எண்ணிக்கையிலேயே முதுகைப் போகும் திசைக்குக் கொண்டுவராமல், மீதியை மூன்றாவதில் முறுக்கிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். முழங்கால் வலி வருவதும் அதனால்தான்.

தனியே பழகுவதற்குத் தரையில் நாலைந்து மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸால் நேர்கோடு போடுங்கள். நேரே போகும் அரையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்: நான்கில் கோட்டின் மேலேயே கால், ஐந்து ஆறில் திரும்பி நிற்றல். பிறகு வெட்டும் அரையை மட்டும்: ஒன்றில் கோட்டைத் தாண்டிக் குறுக்கே, இரண்டில் பின்னால், மூன்றில் திரும்பல். இரண்டும் தனித்தனியே தடுமாறாமல் வந்தபின் சேருங்கள். கோட்டின் முடிவுக்கு வரும்போது கோட்டை விட்டு ஓரடிக்கு மேல் விலகியிருந்தால் வேகத்தைக் கூட்டக் கூடாது. இசை இல்லாமல், தகிட சொல்லி, எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஆடலாம். ஆனால் மூன்றாம் எண்ணிக்கையின் திரும்பலை மட்டும் ரொம்ப மெதுவாகச் செய்ய முடியாது, அதற்குக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். அந்த இடத்தில் தள்ளாடினால் கால் பழக்கம் போதவில்லை என்று நினைக்க வேண்டாம். வேகம் வந்ததும் அது சரியாகிவிடும்.

பிடியும் தலைச்சுற்றலும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டுப் பிடி இன்றைய பால்ரூம் பிடியைவிடத் தளர்வானது. உடல்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. ஆணின் வலக்கை பெண்ணின் முதுகில் தாங்கி நிற்கும், பெண்ணின் இடக்கை ஆணின் தோளில் இருக்கும். மற்ற இரு கைகளும் விறைப்பில்லாமல் தாழ்வாகச் சேர்ந்திருக்கும். டாட்வொர்த் நூலில் சரியான பிடியையும் தவறான பிடிகளையும் படமாகவே போட்டிருக்கிறார்கள். கேள்விப்படுவதைவிட அதைப் பார்த்துவிடுவது நல்லது. வேகமாகச் சுழலும்போது ஜோடி ஒன்றைவிட்டு ஒன்று வெளியே இழுபடும். அந்த இழுப்பை முதுகில் இருக்கும் கையும் தோளில் இருக்கும் கையும் தாங்க வேண்டும். சேர்ந்த கைகளைப் பிடித்துத் தொங்கினால் இருவரும் சாய்வார்கள். பார்வையை எதிரே இருப்பவரின் முகத்திலோ தோளிலோ வைத்துக்கொண்டால் சுழற்சி மிகவும் குறைவாகத் தெரியும். தரையையோ ஓடும் சுவரையோ பார்த்தால் பத்து சுற்றில் தலை கிறுகிறுக்கும். பாலேயில் தலையை வெட்டித் திருப்பும் உத்தியை ஜோடியாகப் பிடித்து ஆடும்போது பயன்படுத்த முடியாது. தொடக்கத்தில் எட்டு பார் சுழன்று, எட்டு பார் கைகோத்து நடந்து, மறுபடி சுழலுங்கள். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் உடல் பழகிவிடும். வாரம் ஒருமுறை ஒரேயடியாகச் சுழன்றால் பழகாது. நடனம் நின்று வெகுநேரம் கழித்தும் சுற்றல் நிற்கவில்லை என்றால் அது பயிற்சிக் குறைபாடு அல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று தட்டு வந்தபின் அடுத்தது இரண்டு தட்டு வால்ட்ஸ், 'வால்ஸ் ஆ தெ தாம்'. இசை அதே மூன்று எண்ணிக்கை இசைதான், கொஞ்சம் வேகமாக. காலடி கேலப் நடனத்தின் காலடி: முதல் இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு நீண்ட வழுக்கல், மூன்றாவதில் பின்கால் வந்து முன்காலைத் துரத்தும் ஒரு ஷாஸே. ஒவ்வொரு பாருக்கும் அரைச் சுற்று. குதிக்கக் கூடாது, வழுக்க வேண்டும் என்று செலாரியுஸ் வலியுறுத்துகிறார். ஆண் பெண்ணுக்கு நேரெதிரே நிற்காமல் சற்றே அவருடைய வலப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதும் அவர் சொல்வதுதான். மூன்று தட்டிலிருந்து வருபவர்கள் இந்த ஒதுங்கலை மறந்து நேரே நின்றுகொண்டு, ஏன் இடிக்கிறது என்று குழம்புவார்கள். மூன்றாம் எண்ணிக்கைக்குள் ஷாஸேயின் இரண்டு கால்களும் துல்லியமாக எந்த நொடியில் விழ வேண்டும் என்பதில் இன்று பழைய நடனம் ஆடும் குழுக்களிடையே ஒருமித்த வழக்கம் இல்லை. நூலின் வாசகம் இரு விதமாகவும் படிக்க இடம்தருகிறது. நீங்கள் ஆடும் குழு எப்படி ஆடுகிறதோ அப்படி ஆடுங்கள்.

அடுத்து வரும் ரெடோவா என்ற சுழல் நடனம் இதைவிடச் சுவையானது என்பது என் எண்ணம். போஹீமியாவிலிருந்து கிளம்பி 1840களில் பாரிஸுக்கு வந்தது. மூன்று எண்ணிக்கைதான், ஆனால் நிதானமான இசை: ஒன்றில் சிறு தாவல், இரண்டில் வழுக்கல், மூன்றில் ஒரு கால் வந்து மற்றதன் இடத்தைப் பறித்துக்கொள்ளும் வெட்டு. தாவலை உயரமாகச் செய்தால் அடுத்த இரண்டும் பிந்திவிடும். காகிதம் நுழையும் அளவுக்குக் கால் தரையைவிட்டு எழும்பினால் போதும். மூன்று தட்டு வால்ட்ஸில் ஒன்றும் நான்கும் நன்றாக வந்துவிட்டவருக்கு ரெடோவா எளிது. அதே குறுக்கே வெட்டலும் நேரே போதலும் இங்கே தாவலாக வருகின்றன. இசைஞானம் உள்ளவர்கள் ஐந்து தட்டு வால்ட்ஸையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பாலே கலைஞர் ழூல் பெரோ அமைத்தது என்று செலாரியுஸ் குறிப்பிடும் அது ஐந்து எண்ணிக்கை இசைக்கானது. மேற்கத்திய இசையில் வளர்ந்தவர்கள் அங்கே கணக்கைத் தொலைப்பார்கள். கண்ட நடை கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் சிரமமே இருக்காது.

நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்தால் காலடி எளிமையாகிறது. குறுக்கே வெட்டும் அரையில் பின்னால் குறுக்காக வைத்து இரு முன்பாதத்தில் திரும்பும் அந்த அழகிய முறுக்கு மறைந்து, இரு அரையிலும் அடி, பக்கம், சேர்த்தல் என்ற ஒரே வரிசை நிலைக்கிறது. அமெரிக்காவில் டாட்வொர்த்தும், 1890இல் மெல்வின் பலூ கில்பர்ட்டும் எழுதியவற்றில் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். கில்பர்ட் நூல் வால்ட்ஸ் வகைகளை ஒவ்வொரு எண்ணிக்கையிலும் கால் எந்த நிலையில் என்று எழுதுவதால், படித்துக் கற்க நினைப்பவருக்கு மிக உதவும். பாஸ்டனில் அடிகள் நீண்டு, பாதத்தின் வெளித்திருப்பம் குறைந்து, சுழற்சி மெதுவாகிறது. உங்கள் ஸ்லோ வால்ட்ஸுக்கு மிக நெருங்கிய பழைய உறவு இதுதான். அதனாலேயே இதை முதலில் எடுக்க வேண்டாம் என்கிறேன். பழைய பழக்கம் அப்படியே உள்ளே புகுந்துவிடும், எது புதிது எது பழையது என்று பிரிக்க முடியாது.

வில்சனின் 1816ஆம் ஆண்டு வால்ட்ஸைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அந்த ஆண்டு ஜூலையில் மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய இளவரசர் ரீஜண்ட் கொடுத்த விருந்தில் வால்ட்ஸ் ஆடப்பட்டதும், லண்டன் டைம்ஸ் பத்திரிகை அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதியது. அந்தப் பரபரப்பில் ஈர்க்கப்பட்டுப் பலர் இதிலிருந்தே தொடங்க விரும்புவார்கள். ஆனால் வில்சன் எழுதும் பிரெஞ்சு வால்ட்ஸ் மூன்று பகுதிகள் கொண்டது: மெதுவான ஒன்று, தாவலோடு கூடிய சோத்தூஸ், அதைவிட வேகமான ழெத்தே. மெதுவான பகுதியில் ஒருவர் கால்களைக் குறுக்காக வைத்து நின்ற இடத்திலேயே திரும்ப, மற்றவர் சிறு சிறு அடிகளால் அவரைச் சுற்றி வருவார், பிறகு மாறிக்கொள்வார்கள். அதன் கருவும் நீங்கள் கற்ற கைமாறும் வேலைதான் என்பதால், மூன்று தட்டு தெரிந்தவருக்கு அது உடனே புலப்படும்; தெரியாதவருக்கு வெறும் கால் பட்டியலாகத் தோன்றும். கைகளைப் பொறுத்தவரை வில்சன் நூலின் முகப்புப் படத்தில் ஜோடிகள் பலவிதப் பிடிகளில் நிற்கின்றன. ஒரு பிடியிலிருந்து இன்னொன்றுக்கு எந்த எண்ணிக்கையில் மாறினார்கள் என்று இன்று யார் சொன்னாலும் அது மறு உருவாக்கம்தான். நல்ல மறு உருவாக்கமாக இருக்கலாம். ஆதாரம் என்று சொல்ல முடியாது.

நூல்களைப் படிப்பது பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1920 வரையான நடனக் கையேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; தேடத் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை. திறப்பதற்கு முன்பு பாலேயின் ஐந்து கால் நிலைகளையும் எண்ணோடு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'வலக்கால் மூன்றாம் நிலை முன்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்குப் புரியாமல் போனது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். அந்நூல்களில் உறுதியாக நம்பத்தக்கவை: எந்தக் கால், எந்த வரிசை, எத்தனை எண்ணிக்கை, எந்தத் திசை. ஓரளவே நம்பத்தக்கவை: தாவலின் உயரம், அடியின் நீளம், உடலின் சாய்வு. இவற்றை 'நளினமாக', 'மென்மையாக' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். நேரில் கற்றுக்கொடுக்கும்போது காட்டிக்கொள்ளலாம் என்பது எழுதியவரின் எண்ணம். எழுதியவர்கள் ஆசிரியர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்கள் எழுதியது எப்படி ஆட வேண்டும் என்பதை. ஊர் எப்படி ஆடியது என்பது அவர்கள் திட்டும் இடங்களில்தான் தெரியவரும்: இப்படிப் பிடிக்காதீர்கள், இப்படிக் குதிக்காதீர்கள் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதினால், அப்படித்தான் பலர் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று கொள்ளலாம். இன்னொன்று, ஒரு கையேட்டை மற்றொன்று வரிக்கு வரி நகலெடுப்பது அக்காலத்தில் சகஜம். நான்கு நூல்களில் ஒரே வாக்கியம் இருந்தால் அதை நான்கு சாட்சிகளாக எண்ண வேண்டாம்.

இசையில் ஒரு எச்சரிக்கை. வியன்னா இசையமைப்பாளர் யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ்களின் புகழ்பெற்ற கச்சேரிப் பதிவுகள் கேட்க அருமையானவை. ஆடிப் பழக உதவாதவை. நடத்துநர்கள் வேகத்தை இழுப்பார்கள், நிறுத்துவார்கள், சட்டென்று விரட்டுவார்கள். இரண்டாம் தட்டு கொஞ்சம் முந்தி விழும் வியன்னா வழக்கமும் புதியவரின் காலைக் குழப்பும். தொடக்கத்தில் நீளமான அறிமுகம் வேறு இருக்கும். அது பல நேரங்களில் மூன்று எண்ணிக்கையிலேயே இருக்காது. நடனத்துக்கென்றே பதிவான, வேகம் மாறாத இசையைத் தேடுங்கள். நிமிடத்துக்கு 36 முதல் 40 பார் வேகத்தில் தொடங்கி, கோடு விலகாமல் வரும்போது 50க்கும், கூட ஆட ஆள் கிடைத்து இருவருக்கும் மூச்சு வாங்காதபோது அதற்கு மேலும் போங்கள். மிக மெதுவான இசையும் தவறு. 30 பாருக்குக் கீழே போனால் அடி தானாக நீண்டு ஸ்லோ வால்ட்ஸ் திரும்பி வந்துவிடும்.

தரையும் காலணியும் பலர் அலட்சியம் செய்யும் விஷயம். அந்தக் காலத்துக் காலணி மெல்லிய தோல் அடி கொண்டது. தரை மெழுகிட்ட மரம். ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூவோடு சிமெண்டுத் தரையில் முன்பாதத்தில் திரும்பினால் பாதம் நின்றுவிடும், முழங்கால் மட்டும் திரும்பும். தசைநார் காயம் இப்படித்தான் வருகிறது. வெறும் காலுறையோடு கிரானைட் தரையில் ஆடுவது மறுபக்கத்து ஆபத்து. தோல் அல்லது சுவேட் அடி, குதிகால் தாழ்வாக, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும்படியாக இருந்தால் நல்லது. தாவல் உள்ள வகைகளான ரெடோவா, சோத்தூஸ், ழெத்தே ஆகியவற்றைச் சிமெண்டிலும் டைல்ஸிலும் நீண்ட நேரம் ஆட வேண்டாம். முன்னங்காலில் வலி கிளம்பும். பெண் பக்கம் ஆடுபவர் கணுக்கால் வரை வரும் அகலப் பாவாடை ஒன்றை ஒருநாளாவது உடுத்திப் பழக வேண்டும். 1850களின் பிற்பகுதியில் கம்பி வளையம் வைத்த கிரினோலின் வந்தபின், எதிரே இருப்பவரின் காலே கண்ணுக்குத் தெரியாத நிலையில்தான் ஆடினார்கள். நான்காம் எண்ணிக்கையில் கால் நேராக நடுவில் போக வேண்டும் என்று முன்பு அழுத்திச் சொன்னதற்கு அங்கே இன்னொரு காரணமும் கிடைக்கும்: கொஞ்சம் விலகினாலும் கால் பாவாடையின் விளிம்பை மிதித்துவிடும்.

ஆசிரியர் வேண்டுமா என்றால், காலடிக்கு வேண்டியதில்லை; பிடிக்கும் ஜோடியாகச் சுழல்வதற்கும் வேண்டும். சுழலும்போது எதிரே இருப்பவரின் எடை கையில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. பழகிய ஒருவரோடு ஒரே ஒரு பாட்டு ஆடினால் தெரிந்துவிடும். பழைய நடனப் பயிலரங்குகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொடர்ந்து நடக்கின்றன. வியன்னாவில் குளிர்கால நடன விருந்துப் பருவத்தை ஒட்டி நடனப் பள்ளிகள் வால்ட்ஸ் வகுப்புகள் நடத்துகின்றன. ஆனால் அங்கே கிடைப்பது இன்றும் உயிரோடு மாறிவரும் வியன்னா வால்ட்ஸ். 1847இன் காலடி அல்ல. இடப்பக்கச் சுழற்சி கற்க அதுவே சிறந்த இடம், ஏனென்றால் அங்கே நடன விருந்து தொடங்கும்போது, முதன்முறை அறிமுகமாகும் இளம் ஜோடிகள் இடப்பக்க வால்ட்ஸ்தான் ஆடுகிறார்கள். போகும் முன் வலப்பக்கச் சுழற்சி கோட்டைவிட்டு விலகாமல் வந்திருக்க வேண்டும். இடப்பக்கத்தில் குறுக்கே வெட்டும் காலும் நேரே போகும் காலும் இடம் மாறிவிடும். வலப்பக்கம் அரைகுறையாக இருக்கும்போது அதைத் தொட்டால் இரண்டும் கலந்துபோய், மறுபடி சாக்பீஸ் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.